தவறாகப் பார்க்கிறோம் என்பது தலைமையில் இருப்பவருக்கு எப்படித் தெரியவரும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். பதினான்கு பேர் கொண்ட குழுவை நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறீர்கள். அதில் ஒருவரை ‘ஈடுபாடு இல்லாதவர்’ என்று வெகுநாளுக்கு முன்பே முடிவுகட்டியிருந்தீர்கள். அவர் வேலையை விட்டுப் போன இரண்டு மாதத்துக்குள் மூன்று வேலைகள் அப்படியே நின்றுபோயின. அவற்றையெல்லாம் அவர்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பார்த்துவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘இவர் விஷயத்தில் இந்த அளவுக்குத் தப்புக்கணக்குப் போட்டிருக்கிறேன் என்றால், மீதிப் பதின்மூன்று பேர் விஷயத்தில்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது?’ என்பது உங்கள் கேள்வி.

மீதிப் பேரைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். இப்படி ஒன்று நடந்தால் பெரும்பாலானவர்கள் ‘அவர் ஒருவர் விஷயத்தில் ஏமாந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒருவரைத் தப்பாகப் பார்த்த அதே கண்தானே மற்றவர்களையும் பார்க்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபம் வந்தால் உடம்பு சூடாகிறது. பயம் வந்தால் வயிறு கலங்குகிறது. தவறான கணிப்புக்கு அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது சரியாக நினைப்பதைப் போலவே இருக்கும். ‘அவருக்கு ஈடுபாடு இல்லை’ என்பது உங்களுக்கு ஒரு கருத்தாகத் தோன்றியிருக்காது, கண்ணால் கண்ட உண்மையாகவே தோன்றியிருக்கும். அதனால்தான் ‘தினமும் சிறிது நேரம் உங்களை நீங்களே ஆராய்ந்து பாருங்கள்’ என்ற வழக்கமான அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆராய உட்காருவதும் அதே மனம்தான். தப்பின் தடயங்களை வெளியேதான் தேட வேண்டும்: எழுதிவைத்த காகிதத்தில், மற்றவர்களின் பேச்சில், அதைவிட அதிகமாக அவர்கள் பேசாமல் விட்டதில்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, ‘இவை ஒரு விதிப்படி அமைந்தவை. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதி என்னவென்று உறுதியானதும் அறிவியுங்கள்’ என்றார். பெரும்பாலானவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். பொருந்துகிறது, பொருந்துகிறது என்றே பதில் வந்தது. ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று நம்பிக்கையோடு அறிவித்தார்கள். தவறு. விதி வெறுமனே ‘ஏறுவரிசையில் மூன்று எண்கள்’ என்பதுதான். 1, 2, 50 என்று கேட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும். 29 பேரில் 6 பேர்தான் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். தங்கள் எண்ணம் தப்பாக இருந்தால் எது அதைக் காட்டிக்கொடுக்குமோ, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள். நாமும் ஆட்களைப் பற்றி இப்படித்தான் 8, 10, 12 என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவர் தாமதமாக வந்த நாள் கணக்கில் ஏறும். எல்லாரும் போன பிறகு இருந்து முடித்துவிட்டுப் போன நாள் நம் கண்ணில் படுவதே இல்லை.

இதுவரை சொன்னது எந்த மனிதருக்கும் பொருந்தும். தலைமையில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அவருடைய தப்பெண்ணம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும்.

1960களின் தொடக்கத்தில் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்துப் புதிர்ப்பாதையில் பழக்கச் சொன்னார்கள். சிலரிடம் ‘இவை கெட்டிக்கார வம்சத்து எலிகள்’ என்றும், மற்றவர்களிடம் ‘இவை மந்தமானவை’ என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் எல்லாம் ஒரே மாதிரியான எலிகள், குருட்டாம்போக்கில் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. ஆனாலும் ‘கெட்டிக்கார’ எலிகள் மெய்யாகவே நன்றாகக் கற்றன. கெட்டிக்கார எலி என்று நம்பியவர்கள் அதை மென்மையாகக் கையாண்டார்கள், பிரியமாகத் தொட்டு எடுத்தார்கள். நம்பிக்கை கைவழியாக எலிக்குப் போய்ச் சேர்ந்தது. எலிக்கே இப்படி என்றால், உங்கள் முகத்தை ஒவ்வொரு நாளும் படித்துக்கொண்டிருக்கும் மனிதருக்குப் போய்ச் சேராதா?

உங்களிடமிருந்து போனவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈடுபாடு இல்லாதவர் என்று நினைத்த பிறகு அவருக்கு முக்கியமான பொறுப்பு எதையாவது கொடுத்தீர்களா? அவர் பேசும்போது இடையில் கைபேசியைப் பார்த்தீர்களா? அவர் சொன்ன யோசனையை இன்னொருவர் திரும்பச் சொன்ன பிறகுதான் நன்றாக இருக்கிறது என்றீர்களா? இதெல்லாம் நடக்கிற இடத்தில் யாரும் சற்று ஒதுங்கித்தான் நிற்பார்கள். அந்த ஒதுக்கத்தைப் பார்த்து ‘நான் நினைத்தது சரிதான்’ என்றிருப்பீர்கள். சாதாரண மனிதரின் தப்பெண்ணத்தை உலகம் எப்போதாவது இடித்துத் திருத்தும். அதிகாரம் உள்ளவரின் தப்பெண்ணத்துக்கு ஏற்றபடி உலகம் வளைந்துகொடுத்துவிடும்.

இது எனக்கே நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் குழுக்களை நடத்தியிருக்கிறேன். ஒரு குழுவில் ஒரு பெண் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார், தலையைக் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். தன்னம்பிக்கை போதாது என்று முடிவுசெய்து, வெளியாட்களிடம் பேச வேண்டிய வேலை எதையும் ஒரு வருடம் அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். ஒருநாள் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனபோது கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. சிக்கலான ஒரு விஷயத்தை அடுக்கடுக்காக விளக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்க, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான் உள்ளே நுழைந்தேன். பேச்சு நின்றது, தலை குனிந்தது.

பிறகு தனியாகக் கேட்டேன். வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: அவர் சேர்ந்த புதிதில் இரண்டு கூட்டங்களில் அவருடைய வாக்கியத்தை நான் பாதியில் வாங்கி நானே முடித்துவைத்தேனாம். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அந்த மௌனத்தை உண்டாக்கியவன் நான். அதையே அவருடைய குணம் என்று மதிப்பீட்டில் எழுதிவைத்தவனும் நான். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்குப் பிறகு நான் தேடக் கற்றுக்கொண்ட முதல் தடயம் இதுதான்: நான் இல்லாத இடத்தில் அவர் எப்படி இருக்கிறார்? உங்கள் பதின்மூன்று பேரில் யாரைப் பற்றி உங்கள் கருத்தும் அவரோடு நேரடியாக வேலை செய்பவர்களின் கருத்தும் வெகுவாக வேறுபடுகின்றனவோ, அங்கே முதலில் நின்று பாருங்கள். ‘அவர் எப்படி?’ என்று கேட்காதீர்கள். உங்கள் குரலிலேயே உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கும். ‘ஒரு வேலையில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால், உங்களை விட்டுப் போனவரின் பெயர் பலமுறை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தடயம், ஒருவரை நீங்கள் ஒற்றைச் சொல்லால் சொல்ல முடிவது. ‘சோம்பேறி’, ‘அவசரக்காரர்’, ‘நம்பகமானவர்’. புகழ்ச்சியானாலும் இதே கதைதான். நம்பகமானவர் என்று முத்திரை குத்தியவரின் தவறுகள் பல மாதங்கள் கண்ணில் படாமல் போகும். நாம் தாமதமானால் சாலையில் நெரிசல், அவர் தாமதமானால் அலட்சியம் என்று இரண்டு தராசு வைத்திருப்பதை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து, அது எந்தெந்த நிகழ்ச்சிகளால் வந்தது என்று எழுதிப் பாருங்கள். தேதியோடு எழுத வேண்டும். பெரும்பாலும் இரண்டோ மூன்றோ நிகழ்ச்சிதான் தேறும், அதிலும் ஒன்று யாரோ சொல்லக் கேட்டதாக இருக்கும்.

மூன்றாவது, கெட்ட செய்தி வராமல் இருப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய விலை கொடுத்து மனிதகுலம் கற்ற பாடம் இது.

1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அடர்ந்த மூடுபனி. ஓடத் தொடங்கிய டச்சு விமானத்தின் தலைமை விமானி தன் நிறுவனத்திலேயே விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று கொடுத்தவரே அவர்தான். முதல்முறை அவர் விசையை முன்னே தள்ளியபோது ‘இன்னும் அனுமதி வரவில்லை’ என்று துணை விமானி தடுத்தார். சில நொடிகளில், புறப்பட அனுமதி இல்லாமலே மறுபடி தள்ளினார். இந்த முறை துணை விமானி நேரடியாகத் தடுக்கவில்லை. பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அவர் கொடுமைக்காரர் என்று எங்கும் பதிவாகவில்லை. மூத்தவர் உறுதியாகச் சொன்னார், இளையவர்கள் தங்கள் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் விமானத் துறை விழித்துக்கொண்டது. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது, 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதற்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் அழுத்திச் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் இருவரையும் பழக்கினார்கள். நல்ல மனம் இருந்தால் போதும், தானாக நடந்துவிடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆலன் முலாலி 2006இல் ஃபோர்டு நிறுவனத்துக்குத் தலைவராக வந்தார். வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வோர் அதிகாரியும் தன் வேலையின் நிலைமையை நிறத்தால் காட்ட வேண்டும்: சரியாகப் போகிறது என்றால் பச்சை, ஐயம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. வாரக்கணக்கில் எல்லாமே பச்சையாக வந்தன. அந்த ஆண்டு நிறுவனத்தின் நட்டமோ 1,200 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு பணம் போகிற இடத்தில் சிக்கலே இல்லையா என்று அவர் கேட்டார். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு புதிய வண்டியின் அறிமுகத்துக்குச் சிவப்பு காட்டினார். அறையே உறைந்தது. முலாலி கைதட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அதன் பிறகு மற்றவர்களின் அட்டவணைகளிலும் நிறங்கள் மாறத் தொடங்கின.

கைதட்டலை விட அதற்கு முந்தைய கேள்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தனக்கு வந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதை அவர் பார்த்தார், இனிமையான செய்தியைச் சந்தேகித்தார். உங்களுக்குக் கடைசியாக யார், எப்போது, ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்றார்கள்? பெயரும் நாளும் நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் தவறே செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர் குறிப்பிடாத கருத்துப் படிவம் வைக்கலாமா என்று தோன்றும். பதின்மூன்று பேர் உள்ள இடத்தில் நடையைப் பார்த்தே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அதனால் உப்புச்சப்பில்லாத பதில்தான் வரும். அதில் நேரம் செலவிடாதீர்கள்.

அதைவிட நல்ல வழி, கணிப்புகளை முன்கூட்டியே எழுதிவைப்பது. ‘இந்த வேலையை இவர் தேதிக்குள் முடிக்க மாட்டார்’ என்று தோன்றினால் அதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். நினைவு நமக்கு எப்போதும் சலுகை காட்டும். ‘அப்போதே நினைத்தேன்’ என்று அது பழைய எண்ணத்தையே மாற்றி எழுதிவிடும். எழுத்து அப்படிச் செய்யாது. சார்லஸ் டார்வின் இதை நன்றாக அறிந்திருந்தார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்வதைப் பல ஆண்டுகள் விதியாக வைத்திருந்தார். அப்படிப்பட்டவைதான் நமக்குச் சாதகமானவற்றை விடச் சீக்கிரம் மறந்துபோகின்றன என்பது அவர் அனுபவம்.

ஆட்களைப் பற்றி இல்லாமல் முடிவுகளைப் பற்றிய தப்பெண்ணமாக இருந்தால், இருக்கையை விட்டு எழுந்து பார்ப்பது உதவும். 1985இல் இன்டெல் நிறுவனம் தான் பிறந்து வளர்ந்த நினைவகச் சில்லுத் தொழிலில் ஜப்பானிய நிறுவனங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. விடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. ஆண்டி குரோவ் தன் சக தலைவர் கார்டன் மூரிடம், நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்றார் மூர், தயங்காமல். அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்றார் குரோவ். பதில் இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது. தாங்கள் கட்டியதைத் தாங்களே கைவிடும் வலி கண்ணை மறைத்திருந்தது. ஒருவரை வேலைக்கு எடுத்தவர் நீங்களே என்றால் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இன்று புதிதாக இந்தக் குழுவுக்கு வருகிற ஒருவர் இவரைப் பற்றி என்ன நினைப்பார்?

முடிவெடுக்கும் கூட்டங்களில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். சில சமயம் அங்கே இருக்கவே வேண்டாம். 1961 ஏப்ரலில் கியூபா அரசைக் கவிழ்க்க அந்நாட்டின் பன்றிகள் விரிகுடாவில் ஏறத்தாழ 1,400 பேரை இறக்கிய அமெரிக்கத் திட்டம் மூன்றே நாளில் நொறுங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அதை எதிர்த்து எழுத்தில் குறிப்புக் கொடுத்தவர், ஆனால் கூட்டத்தில் அநேகமாக வாய் திறக்கவில்லை. பின்னால் அதற்காக வெகுவாக வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் நெருக்கடி வந்தபோது, கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை. தான் இருந்தால் பேச்சு தன் பக்கம் சாயும் என்று உணர்ந்திருந்தார். அதே மனிதர்தான், பெரும்பாலும் அதே ஆலோசகர்கள்தான். பதினெட்டு மாதத்தில் மாறியது கேட்கும் முறை.

இனி திருத்துவதைப் பற்றி. இதில் பலர் சறுக்குவது, முதலில் மனதை மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகு நடத்தை தானாக மாறும் என்று காத்திருப்பதில்தான். வரிசை தலைகீழ் என்பது என் அனுபவம். அந்தப் பெண்ணிடம் பேசிய மறுநாளே என் எண்ணம் மாறிவிடவில்லை. உள்ளுக்குள் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. இருந்தாலும் அடுத்த வெளிக் கூட்டத்தை அவரிடம் கொடுத்தேன், அவர் பேசி முடிக்கும் வரை வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான்காவது ஐந்தாவது முறையில்தான் என் பார்வை உண்மையில் மாறியது. தப்பெண்ணம் உங்கள் நடத்தை வழியாகத்தான் சாட்சி தேடிக்கொள்கிறது, எனவே அந்த வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

வெட்கத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1847இல் வியன்னாவின் மகப்பேற்று மருத்துவமனையில், பிணப் பரிசோதனை முடித்துவிட்டுப் பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் விதித்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த தாய்மார் சாவு இரண்டளவுக்கு இறங்கியது. இருந்தும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, அதை ஏற்றால் இத்தனை நாள் சாவைக் கொண்டுசென்றது தங்கள் கைதான் என்றும் ஏற்க வேண்டும் என்பது. தவறின் அளவு பெரிதாக ஆக, அதைப் பார்க்க மறுக்கும் பிடிவாதமும் பெரிதாகும். சின்னத் தவறுகளை உடனுக்குடன் வெளிப்படையாகச் சொல்லிப் பழகியவருக்குப் பெரியதைச் சொல்லும் வலு இருக்கும். ‘போன வாரம் இந்தத் தேதி போதும் என்றேன், தப்பாகக் கணித்தேன்’ என்ற அளவில் குழுவின் முன் தொடங்குங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. குற்ற உணர்வில் மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். தப்பாக நினைத்தவரைத் திடீரென்று தலையில் தூக்கிவைத்தால், அது இன்னொரு முத்திரை. எல்லாரையும் எல்லா நேரமும் சந்தேகித்து முடிவே எடுக்காமல் இருந்தாலும் குழு தத்தளிக்கும். பதின்மூன்று பேரையும் ஒரே வாரத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டாம். உங்கள் கருத்து மிக உறுதியாக இருக்கும் இருவரை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நீங்கள் சூட்டிய சொல்லைத் தேதியோடு சோதியுங்கள். ஒருவர் நீங்கள் மெச்சுபவராக இருக்கட்டும்.

போனவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். மன்னிப்பு கேட்டு அவர் பதில் சொல்லியாக வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள், திரும்ப வரச் சொல்லவும் வேண்டாம். எந்த மூன்று வேலைகளை அவர் தாங்கியிருந்தார், அதை நீங்கள் எப்போது தெரிந்துகொண்டீர்கள், அவரைப் பற்றி என்ன நினைத்திருந்தீர்கள், அது எங்கே தப்பாகப் போனது என்று நான்கு வரி போதும். அவருடைய புதிய இடத்தில் நற்சான்று தேவைப்பட்டால் அந்த மூன்று வேலைகளையும் பெயர் சொல்லி எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் பதின்மூன்று பேரிடமும் அந்த வேலைகளை இதுநாள்வரை செய்தவர் யார் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள், அவர்களில் பலருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றாலும்.